இரண்டு மில்லிமீட்டர்

அயனாவரத்தில் பூமிக்கடியில் இயந்திரம் ஒன்று
களிமண்ணைத் தின்றபடி நகர்கிறது.
மேலே நான்
முக்காலியைக் கால் பரப்பி நிறுத்தி
வீடுகள் எவ்வளவு இறங்கின என்று
தினமும் காலை ஆறு மணிக்கு எழுதுகிறேன்.

மளிகைக்கடை, மைனஸ் ஒன்று.
டியூஷன் சென்டர், மைனஸ் மூன்று.
பல் டாக்டர் மாடிப்படி நேற்றைப் போலவே.
எங்கள் கோயிலின் தெற்குச் சுவர், மைனஸ் இரண்டு.

எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே கேள்விதான்.
"ஒண்ணும் ஆகாதில்ல மேடம்?"
"லிமிட்டுக்குள்ளதான் சார் இருக்கு."
உடனே தூக்குப்பையை ஆட்டிக்கொண்டு
பால் வாங்கப் போய்விடுவார்கள்.
என்னை நானே கேட்டால்
சொல்வதற்கு அப்படியொரு வாக்கியம் கிடையாது.

ஜெபநேசன் போய் எழுபத்தோரு நாள்.
சண்டையில்லை. வேறொருத்தி இல்லை என்றான்.
"யோசிக்கணும்" என்ற ஒரே சொல்லை
ஹெல்மெட்டோடு எடுத்துக்கொண்டு கிளம்பினான்.
அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீல டிக்.
வருவானா, தெரியாது.
வந்தால் கதவைத் திறப்பேனா,
அதுவும்.

ராத்திரி மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள்.
ஃப்ரிட்ஜின் உறுமலோடு சேர்ந்து மூச்சுவிட்டுப் பார்க்கிறேன்.
அது நிற்கிறது, நானும் நின்றுபோகிறேன்.
ஜெபிக்க உட்கார்ந்தால்
"ஆண்டவரே" வருகிறது.
அதற்குப் பின்னால் வரவேண்டிய வினைச்சொல் வருவதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு.
அசைவதில் நின்றுகொண்டு அசைவதை அளக்க முடியாது.
இந்தத் தெருவில் எதையும் நம்பக்கூடாது:
கரண்ட் கம்பம், பள்ளிக்கூட மதில்,
என் மூன்று கால்கள் ஊன்றிய தார்கூட.
ஆகவே தினமும் முதல் வாசிப்பு
நான்கு தெரு தள்ளி,
சுரங்கத்தின் கை எட்டாத இடத்தில்
பாறை வரைக்கும் துளைத்து இறக்கிய
ஓர் இரும்புக் கம்பியிலிருந்து.
மேலே ஒரு மூடி, மஞ்சள் பெயிண்ட்.
யாரோ அதன்மேல் தினமும் பைக்கை நிறுத்துகிறார்கள்.

அந்தக் கம்பி எந்த வீட்டையும் தாங்குவதில்லை.
ஒரு விரிசலையும் அது அடைத்ததில்லை.
இருக்கிறது.
அது இருப்பதால்தான் என்னால்
"இரண்டு" என்று சொல்ல முடிகிறது.
இல்லாவிட்டால்
"ஐயோ" என்றுதான் சொல்லவேண்டும்.

நேற்று திருவிருந்து ஞாயிறு.
தெற்குச் சுவரோரம்,
நானே ஒட்டிய விரிசல்மானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
விசுவாசப்பிரமாணத்துக்குச் சபை எழுந்தது.
முன்வரிசையில் பியூலா அக்கா
முழங்காலோடு வழக்காடி, பெஞ்சைப் பிடித்து,
ஒரு வரி பிந்தி எழுந்தார்.
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலாக
நூறு பேர் தூக்கம் கலையாத குரலில்:
பிறந்தார்.
பாடுபட்டார்.
மரித்தார்.
எழுந்தார்.

வினைச்சொற்கள்!
என் வாயிலும்தான் இருந்தன.
ஒன்றுகூட என்னுடையதில்லை.
எனக்கு ராத்திரி எப்படிப் போயிற்று என்று விசாரித்து
மாற்றி எழுதப்படுகிறவை அல்ல அவை.
ஜெபநேசன் வந்தாலும், வராவிட்டாலும்,
நான் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றாலும்.

அழுகை வரவில்லை.
ஆறுதல் என்று சொல்லும்படியாகவும் இல்லை.
முக்காலியின் மூன்றாவது கால்
மண்ணில் பதியும்போது
உள்ளங்கைக்கு ஒரு சின்னத் தகவல் வருமே,
அதுபோல ஏதோ ஒன்று.
அப்பத்துக்குக் கையை நீட்டினேன்.
கை நடுங்கத்தான் செய்தது.
ஆயர் அதைப் பார்த்தார், அப்பத்தை வைத்தார், அடுத்தவரிடம் போனார்.

இன்றும் மூன்று மணிக்குக் கட்டில் இழுபட்டது.
எழுந்து சொம்புத் தண்ணீர் குடித்தேன்.
"ஆண்டவரே" என்றேன்.
வினைச்சொல்லுக்குக் காத்திருக்காமல்
அந்தச் சொல்லில் நின்று என்னைப் பார்த்தேன்.
இறங்கியிருக்கிறேன்.
நேற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.
எவ்வளவு என்று தெரிந்தது.

ஆறு மணிக்குப்
பைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.
லுங்கியை மடித்துக்கட்டியபடி முனகிக்கொண்டே வருவார்.
"டெய்லி இதேதானா மேடம்?"
டெய்லி இதேதான் சார்.
வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.